கிழக்குக் குழாய்

பதினாறு வருஷம் ஒரே கிளப்பில் இருந்துவிட்டு, ஒரு கோல் கூட விடாமல் ஓய்வு பெற்ற கோல்கீப்பர் ஒருவன் இருந்தான். ஒன்று கூட இல்லை. லீக் ஆட்டம், கோப்பை ஆட்டம், முழங்கால் சேற்றில் நடந்த ஆட்டம், எதிலும் அவனைத் தாண்டி ஒரு பந்து வலையைத் தொட்டதில்லை. உலகத்தில் வேறு எவனுக்கும் இப்படி ஒரு சரித்திரம் கிடையாது. சந்தேகம் இருந்தால் கிளப் அலமாரியில் கிடக்கும் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பாருங்கள்.

இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் ஏராளம். ஆனால் என் முகத்துக்கு நேராக, முழங்கை வரை மாவோடு நின்று, “அண்ணே, உங்க வாயிலேர்ந்து வர்றதுல கொட்டாவி ஒண்ணுதான் நிஜம்” என்று சொன்னவள் ஒருத்திதான். அவனுடைய அக்கா.

நான் அந்த மைதானத்தில் முப்பத்தோரு வருஷம் மைக் பிடித்தவன். யார் யார் ஆடுகிறார்கள், யார் கோல் போட்டார், யாருடைய சைக்கிள் வாசலை மறிக்கிறது, எல்லாம் என் வாயால்தான் ஊருக்குத் தெரியும். எண்பதாயிரம் பேர் என் குரலைக் கேட்டிருக்கிறார்கள். சரி, எண்ணூறு. மழை நாளில் எண்பது. என் பெயர் எனக்கே மறந்துபோகும் அளவுக்கு எல்லோரும் குழாய்க்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

மேற்குப் பக்கக் கூரைமேல் பலகை அடித்த ஒரு கூண்டு. இரும்பு ஏணியில் ஏறிப் போக வேண்டும். வெயில் காலத்தில் உள்ளே உட்கார்ந்தால் ஆளே வெந்துவிடுவான். நான் மூன்று தடவை வெந்திருக்கிறேன். மைதானத்தின் நாலு மூலையிலும் நாலு குழாய் ஸ்பீக்கர். கூண்டுக்குள் ஒரு தகரப் பெட்டியில் அவற்றுக்கு நாலு பொத்தான். மேலே கீழே போடுகிற சுவிட்ச் இல்லை. ஒரு தடவை அழுத்தினால் குழாய் விழிக்கும், மறுபடி அழுத்தினால் தூங்கும். எது விழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்று பொத்தானைப் பார்த்துச் சொல்ல முடியாது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கிழக்கு மூலைக் குழாய்க்கு நேர் எதிரே, மதிலுக்கு அந்தப் பக்கம், ஒரு மூன்று மாடிக் கட்டடம். கீழே ரொட்டிக்கடை, அக்கா நடத்தினாள். மூன்றாவது மாடியில் வீடு. ஜன்னலோரக் கட்டிலில் அவர்கள் அப்பா. முப்பது வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பனி மூட்டத்தில் கீழே ஒன்றுமே தெரியாதபோது, விசில் சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு இரும்புப் பெட்டியைப் பூப்போல இறக்கியவர். ஓய்வு பெற்ற மறு வருஷம் படியில் விழுந்து இடுப்பு போயிற்று. பிறகு கண்ணும் மங்கிப் போய், காது மட்டும் மிச்சம்.

அவருடைய மகன்தான் நம் கோல்கீப்பர். அவனுக்குப் பட்டப்பெயர் குடை.

ஏன் குடை என்றால், தினமும் தூக்கிக்கொண்டு போகிறோம், மழைதான் வரமாட்டேன் என்கிறது. கிளப்பின் பிரதான கோல்கீப்பருக்குப் பட்டப்பெயர் கதவு. கதவுக்குக் காய்ச்சல் வராது, சளி பிடிக்காது, கால் சுளுக்காது. தன் கல்யாணத்தன்றுகூட முதல் பாதி ஆடிவிட்டு, இடைவேளையில் போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டு, இரண்டாம் பாதிக்கு வந்துவிட்டான் என்று நான் மைக்கில் சொல்லியிருக்கிறேன். அது பொய். ஆனால் மறுநாள் ஆட்டத்துக்கு வந்தான், அது சத்தியம். அப்படிப்பட்டவனுக்கு மாற்று ஆளாகத்தான் இருபதாவது வயதில் குடை வந்து சேர்ந்தான். பன்னிரண்டாம் நம்பர் சட்டை. அதைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். உட்கார்ந்தேவிட்டான்.

சும்மா உட்கார்ந்தான் என்று நினைக்காதீர்கள். காலை ஆறு மணிக்கு மைதானத்துக்கு முதலில் வருவது அவன்தான். பந்துப் பைகளைச் சுமப்பான். கதவு உடம்பைச் சூடாக்கிக்கொள்ள நாற்பது நிமிஷம் விடாமல் பந்து உதைப்பான். பயிற்சியில் மற்றவர்கள் உதைப்பதையெல்லாம் அவன் பிடிப்பான். அவன் கை விரல்களில் மூன்று உடைந்து கோணலாகக் கூடியிருந்தன. மூன்றும் பயிற்சியில் உடைந்தவை. அப்புறம் அந்த நோட்டு. எந்த ஊர்க்காரன் பெனால்டியை எந்தப் பக்கம் அடிப்பான் என்று எழுதி வைத்திருந்தான். ஆட்டத்தில் பெனால்டி என்றால் கதவு பெஞ்சைத் திரும்பிப் பார்ப்பான். குடை வலது காதைத் தொட்டால் வலது பக்கம், இடது காதைத் தொட்டால் இடது பக்கம். அப்படிக் கதவு தடுத்தது பதினோரு பெனால்டி. மறுநாள் பேப்பரில் படம் கதவுடையது. காது மட்டும் குடையுடையது.

ஒரு கல்யாணப் பேச்சு வந்தது. பெண்ணுடைய மாமா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “தம்பி எத்தனை மேட்ச் ஆடியிருக்கீங்க?” அதோடு சரி.

அக்காவுக்கு ஆத்திரம் தாங்காது. அதிகாலை மூட்டிய அடுப்பு முன்னால் வெந்து, மாவு பிசைந்து, அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்து, துணி துவைத்து, எல்லாம் அவள் ஒருத்தி. அழுக்கே படாத பன்னிரண்டாம் நம்பர் சட்டையையும் வாரா வாரம் அவள்தான் துவைத்தாள்.

“எதுக்குடா இதை நனைக்கணும்? உதறி மாட்டினா போதாதா?” என்பாள்.

“வேர்வை இருக்குக்கா.”

“பெஞ்சுல உக்காந்தா எங்கேர்ந்துடா வேர்வை? இந்நேரம் அந்தப் பெஞ்சே வேர் விட்டு மரமாயிருக்கும். என்கூட வந்து அடுப்புல நில்லு. இங்க உன்னை எவனும் உக்கார வைக்கமாட்டான்.”

அவன் சிரித்துக்கொண்டே ரொட்டித் தட்டுகளை அடுக்குவான். அப்பா மேலிருந்து சத்தம் போடுவார்: “விடு பாப்பா. என்னிக்காச்சும் இறக்குவாங்க.” நாற்பது வயதுக்காரியை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

பன்னிரண்டு வருஷம் அவர் தினமும், “எப்படா இறக்குவாங்க?” என்று கேட்டார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். அவர் நிறுத்தியதுதான் அவனை உலுக்கிவிட்டது. என் கூண்டில் வந்து உட்கார்ந்து, “அப்பா இப்ப ஒண்ணுமே கேக்கறதில்லண்ணே. சாப்பாடும் பாதியா குறைஞ்சுபோச்சு” என்றான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

அடுத்த ஆட்டத்தில் நாம் நாலு கோல் முன்னால் இருந்தோம். பொட்டல் வெயில். ஆட்டக்காரர்களே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். எதிர் ஜன்னலில் பெரியவரின் கை மட்டும் வெளியே தெரிந்தது, ஜன்னல் விளிம்பில், கவிழ்த்துப் போட்ட கிண்ணம் மாதிரி. தகரப் பெட்டியில் மூன்று பொத்தானை அழுத்தி மூன்று குழாயைத் தூங்க வைத்தேன். கிழக்குக் குழாய் மட்டும் விழித்திருந்தது. மைக்கை உதட்டோடு ஒட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னேன்: “கோல்கீப்பர் மாற்றம். பன்னிரண்டாம் நம்பர் களம் இறங்குகிறார்.”

அந்தக் கை எழுந்தது.

அப்போது பன்னிரண்டாம் நம்பர் பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் எனக்கு யாரும் அணை போட முடியவில்லை. வாரா வாரம் கடைசிப் பத்து நிமிஷம் கிழக்குக் குழாயில் வேறொரு ஆட்டம் நடந்தது. அதில் குடை பறந்தான். கம்பத்துக்குக் கம்பம் தாவினான். ஒரு தடவை ஒரே மூச்சில் ஐந்து பந்தைத் தடுத்தான். அதில் ஒன்றைத் தலைகீழாக நின்று. கிழக்கு மூலைக்குக் கீழே உட்கார ஆளே கிடையாது, அங்கே இருப்பது பழைய உருளையும் புல் வெட்டுகிற வண்டியும். கேட்டவர்கள் இரண்டே பேர். மேலே பெரியவர், கீழே அடுப்படியில் அக்கா.

மூன்றாவது வாரம் அவள் ஏணியேறி வந்துவிட்டாள். தலையெல்லாம் மாவு.

“அண்ணே, எங்கப்பாவை வெச்சு விளையாடுறீங்களா?”

“என்னம்மா சொல்ற?”

“மாடிக்குப் போய்ப் பார்த்தேன். அவன் பெஞ்சுல கன்னத்துல கை வெச்சு உக்காந்திருக்கான். நீங்க என்னமோ பறக்கறான், தாவுறான்னு…”

“நேத்து பெரியவர் எத்தனை ரொட்டி சாப்பிட்டார்?”

அவள் தலையிலிருந்த மாவைத் தட்டிவிட்டாள்.

“சொல்லேன்.”

“ரெண்டு” என்றாள். ஏணியில் பாதி இறங்கியவள் மறுபடி தலையை நீட்டினாள். “நான் அவர்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். கேட்டா, எனக்குத் தெரியாதுன்னுதான் சொல்லுவேன். என் வாயால இது நடந்துச்சுன்னு என்னிக்கும் வராது. உங்க பாவம் உங்களோட.”

குடையும் வந்தான். அவன் வந்ததுதான் எனக்குக் கஷ்டமாகப் போயிற்று.

“வீட்டுக்குள்ள நுழைஞ்சா அப்பா கை தட்டறாருண்ணே. அந்த அஞ்சாவது பந்தை எப்படிப் பிடிச்சேன்னு கேக்கறாரு. நான் என்ன சொல்ல?”

“நிறுத்திடவா?”

தன் கோணல் விரல்களை ஒவ்வொன்றாக நீவினான். “வேண்டாம். ஆனா ஒரு கோலாவது விட்டேன்னு சொல்லுங்கண்ணே. வெக்கமா இருக்கு. எவனாவது கோலே விடாம ஆடுவானா?”

“என் வாயில அது வராது தம்பி.”

“சும்மா ஒண்ணு. ஆஃப்சைடு மாதிரி.”

“ஆஃப்சைடும் வராது.”

இப்படியே நாலு வருஷம் ஓடியது.

பதினாறாவது வருஷக் கடைசியில் கிளப் செயலாளர் குடையைக் கூப்பிட்டு, அடுத்த வருஷம் புது ஆள் வருகிறான், இந்தக் கடைசி ஆட்டத்தோடு போதும் என்று சொல்லிவிட்டார். அதே வாரம் பெரியவருக்கு மூச்சு முட்டியது. டாக்டர் படியிறங்கும்போது அக்காவிடம், “பக்கத்திலேயே இருங்க” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அக்கா அன்றைக்குச் சுட்ட ரொட்டியில் உப்புப் போட மறந்துவிட்டாள். வாங்கிப்போனவர்கள் யாரும் திருப்பிக் கொண்டுவரவில்லை.

ஆட்டத்துக்கு முந்தின நாள் குடை பயிற்சியாளரிடம் போய் நின்றான். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக வாய் திறந்து கேட்டான். “கடைசி அஞ்சு நிமிஷம் மட்டும் இறக்குங்க சார். எங்கப்பா காதுல நிஜமா ஒரு தடவை விழணும்.” அவர் நல்ல மனுஷன்தான். “ஜெயிச்சுட்டு இருந்தா பார்க்கலாம்” என்றார்.

ஜெயித்துக்கொண்டுதான் இருந்தோம், ஆனால் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில். பயிற்சியாளர் பெஞ்சுப் பக்கம் திரும்பவே இல்லை. காலையிலிருந்து தூறல். கோல் கம்பத்துக்கு முன்னால் புல்லெல்லாம் போய்க் களிமண் குழம்பாகக் கிடந்தது. எண்பது நிமிஷம் தாண்டியது. இனிமேல் இறக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று பொத்தானை அழுத்தினேன். கிழக்குக் குழாயில் என் கடைசிப் பொய்யை ஆரம்பித்தேன்.

“பன்னிரண்டாம் நம்பர் களத்தில் இருக்கிறார். கார்னர் பந்தை உயரத்தில் எம்பிப் பிடித்துவிட்டார்…” ஜன்னலில் கை தெரியவில்லை. ஆனாலும் சொல்லிக்கொண்டே போனேன்.

அப்போதுதான் மைதானத்தில் விசில்.

நிமிர்ந்து பார்த்தேன். எதிரணிக்காரன் ஒருவன் விழுந்து கிடந்தான். அவன்மேல் கதவு. நடுவர் பெனால்டிப் புள்ளியைக் காட்டிக்கொண்டிருந்தார். எதிரணிக்காரன் எழுந்துவிட்டான். கதவு எழவில்லை. தோள்பட்டை இறங்கி, கை துணி மாதிரித் தொங்கியது. பதினாறு வருஷம் தும்மல்கூடப் போடாதவன் சேற்றில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான்.

பெஞ்சிலிருந்து குடை எழுந்தான்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊருக்கே கேட்கட்டும் என்று நாலு பொத்தானையும் பட்பட்டென்று அழுத்திவிட்டு எழுந்து நின்று கத்தினேன். “கோல்கீப்பர் மாற்றம்! பன்னிரண்டாம் நம்பர்! பன்னிரண்டாம் நம்பர் களம் இறங்குகிறார்!”

கூட்டம் சிரித்தது. “குடை விரிஞ்சிடுச்சுடா” என்று எவனோ கத்தினான். அவன் கையுறையில் துப்பிக்கொண்டு கோலுக்குள் போய் நின்றான். பெனால்டி அடிக்க வந்தவன் புதுப் பையன், அந்த வருஷம்தான் சேர்ந்தவன். அவன் குடையின் நோட்டில் இல்லை.

அந்த நேரத்தில் குடை ஒன்று செய்தான். பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான். யாராவது காதைத் தொடுவார்களா என்று. பெஞ்சில் அவன் உட்காரும் இடம் காலியாக இருந்தது. பக்கத்தில் நோட்டும் பாதி உரித்த ஆரஞ்சும்.

திரும்பிக்கொண்டான். பையன் ஓடி வந்து அடித்தான். குடை வலது பக்கம் பாய்ந்தான்.

நான் அளந்ததெல்லாம் உண்டு. இதை அளக்க மாட்டேன். அவன் பறக்கவில்லை. சேற்றில் கால் வழுக்கி, பாதி விழுந்த மாதிரிதான் போனான். பந்து அவன் விரல் நுனியில் பட்டு, கம்பத்தில் இடித்து, வெளியே போயிற்று. அவ்வளவுதான். கடைசி ஆட்டம் என்று தூறலிலும் வந்திருந்த எண்ணூறு பேரும் எழுந்து நின்றார்கள். அந்த மைதானத்தில் அப்படி ஒரு கைதட்டலை நான் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. அதற்கப்புறம் ஒன்பது நிமிஷம் ஆட்டம் நடந்தது. ஒன்பது நிமிஷமும் ஒவ்வொரு பந்தையும் தொண்டை கிழியச் சொன்னேன். அவன் ஒரு கோல் கூட விடவில்லை.

ஆட்டம் முடிந்து, கூட்டம் கலைந்து, குழாய்களைத் தூங்க வைக்கப் பொத்தான்களை அழுத்தினேன். வடக்கு அணைந்தது. மேற்கு அணைந்தது. தெற்கு அணைந்தது. நாலாவதை அழுத்தியதும் கிழக்குக் குழாய் ‘உஸ்’ என்று விழித்துக்கொண்டது.

கையிலிருந்து மைக் விழுந்தது. விழுந்த சத்தம் எதிர் ஜன்னலில் மோதித் திரும்பி வந்தது.

பொய்க்காக விழித்திருந்ததை, உண்மைக்கு நானே அணைத்திருக்கிறேன்.

கீழே இறங்கி ஓடினேன். அறுபது வயதில் அந்த ஏணியை மூன்றே தாவலில் இறங்கினேன், நம்பாவிட்டால் போங்கள். குடையை வாசலில் பிடித்தேன். இரண்டு விரலைச் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். சட்டையெல்லாம் சேறு. விஷயத்தைச் சொன்னேன். அவன் என்னைத் திட்டவில்லை. “வாங்கண்ணே” என்றான். இரண்டு பேரும் படியேறினோம். எப்போதும் இரண்டிரண்டு படியாக ஏறுகிறவன் அன்று ஒவ்வொரு படிக்கும் சுவரைப் பிடித்தான்.

பெரியவர் கண்ணை மூடியிருந்தார். மார்பு மட்டும் ஏறி இறங்கியது. அக்கா தலைமாட்டில் நின்றாள்.

“ஐயா, உங்க பையன் இன்னிக்கு நிஜமாவே ஆடினான்” என்றேன். மூச்சு வாங்கியது. “பெனால்டியைத் தடுத்துட்டான்.”

அவர் சிரித்தார். “தம்பி, போதும்ப்பா. நாலு வருஷமா நல்லாத்தான் சொன்ன.”

எனக்கு விளங்கவில்லை.

“எனக்கு முதல் நாளே தெரியும்” என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் காற்றைத் தேடினார். “நாலு குழாய்லயும் நீ பேசினா உன் குரல் ஒண்ணு பின்னால ஒண்ணா வரும். இவன் ஆடறப்ப மட்டும் ஒத்தைக் குரலா வரும். அஞ்சு பந்தைத் தடுத்தான்னு சொன்ன, ஒரு கை கூடத் தட்டல. விசிலை வெச்சே கிரேன் ஓட்டினவன்கிட்டயா?”

குடை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். “அப்புறம் எதுக்குப்பா கை தட்டினீங்க?”

“நீ சந்தோஷப்படுவேன்னு.”

கீழே கடையில் யாரோ ரொட்டி கேட்டு மணி அடித்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பெரியவர் கையை நீட்டி மகனுடைய கையைத் தடவினார். கட்டுப் போட்ட விரல்களில் வந்து நின்றார். “இது பயிற்சியில உடைஞ்சதா?”

“இல்லப்பா.”

அவர் முகம் சுருங்கியது. “இன்னிக்குப் பாதியில உன் குழாய் நின்னுபோச்சு தம்பி. தூரத்துல எங்கேயோ கத்தின, வார்த்தை புரியல. ஆனா கைதட்டல் வந்துச்சு. பெருசா. கதவுக்குன்னு நினைச்சேன்.” நிறுத்தினார். “கதவுக்குத்தானே?”

நான் வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்கு அந்த வீட்டில் மதிப்பில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பத்தோரு வருஷம் பேசினேன். சொல்ல வேண்டிய ஒரே ஒரு உண்மையை நம்ப வைக்க என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. மகனும் தலை குனிந்திருந்தான். நாலு வருஷம் அவனும் என்னோடு சேர்ந்து பொய் சொன்னவன்தானே.

பெரியவர் தலையை அக்கா நின்ற பக்கம் திருப்பினார்.

“பாப்பா, நீ சொல்லு.”

அக்கா முழங்கையில் காய்ந்திருந்த மாவை நகத்தால் சுரண்டினாள். கொடியில் மறந்துபோய்க் கிடந்த மாவுச் சாக்கு தூறலில் நனைகிறதே என்று எடுக்க மொட்டை மாடிக்குப் போனவள், அங்கிருந்து மைதானத்தைப் பார்த்திருக்கிறாள். அது எனக்கு அந்த நிமிஷம் தெரியாது. அவள் குனிந்து, அப்பா காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்தாள். குரல் உடைந்துதான் வந்தது.

“அடிக்கறதுக்கு முன்னால பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான்ப்பா. யாராச்சும் காதைத் தொடுவாங்களான்னு. யாரும் இல்ல. அவனாத்தான் வலது பக்கம் பாஞ்சான்.”

பெஞ்சைப் பார்த்ததை நான் அங்கே சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை.

அவர் கை மகனுடைய விரல்களை இறுக்கிப் பிடித்தது. அதற்கப்புறம் மூன்று நாள்தான் இருந்தார். அந்த மூன்று நாளும் அந்தக் கையை விடவில்லை.

சேறு அப்பிய பன்னிரண்டாம் நம்பர் சட்டையை அக்கா இன்றுவரை துவைக்கவில்லை. ஏனென்று நான் கேட்டதில்லை. அன்றைக்கு அப்பா காதில் சொல்லி முடித்துத் தலை நிமிர்ந்து, முதலில் தம்பியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கடைசியில் அப்பா பக்கம் திரும்பி, தன் வாயால் என்றைக்கும் வராது என்று ஏணியில் நின்று சொன்னாளே, அதைச் சொன்னாள்.

“நடந்துச்சுப்பா.”